அருவருப்பும் மூர்க்கமும்: ஆங்கிலச் சொற்கள் எதைப் பிரிக்கின்றன?

மூக்கைச் சுளித்து, மேலுதட்டைத் தூக்கிய ஒரு முகத்தின் படம். உளவியல் பாடநூல்களில் அதன் கீழே ‘டிஸ்கஸ்ட்’, அதாவது அருவருப்பு, என்று எழுதியிருக்கும். நான்கு முதல் ஒன்பது வயது வரையிலான 84 குழந்தைகளிடம் இத்தகைய படங்களைக் காட்டி, இவருக்கு என்ன உணர்ச்சி என்று ஷெர்ரி வைடனும் ஜேம்ஸ் ரஸ்ஸலும் கேட்டார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், அருவருப்பு என்ற குழந்தைகளைவிடக் கோபம் என்ற குழந்தைகளே மிக அதிகம். இவர் ஏன் இப்படி ஆனார், அடுத்து என்ன செய்வார் என்ற கேள்விகளுக்கும் கோப முகத்துக்குச் சொன்ன பதில்களையே சொன்னார்கள்.

பெரியவர்களின் ஆங்கிலத்திலும் எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. அழுகிய மீனை ‘டிஸ்கஸ்டிங்’ என்பவர், லஞ்சம் வாங்கிய அரசியல்வாதியையும் அதே சொல்லால்தான் ஏசுகிறார். ‘லோத்’, ‘அப்ஹார்’, ‘டிடெஸ்ட்’, ‘ரிபக்னன்ஸ்’, ‘ரிவல்ஷன்’, ‘கன்டெம்ப்ட்’ என்று ஒரு வரிசை. ‘ஆங்கர்’, ‘ரேஜ்’, ‘ஹாஸ்டிலிட்டி’, ‘அனிமாசிட்டி’, ‘அக்ரெஷன்’ என்று இன்னொரு வரிசை. முதல் வரிசை விலகச் சொல்கிறது, இரண்டாவது மோதச் சொல்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் இவை வெவ்வேறு உணர்ச்சிகளின் பெயர்களா? ஒரே உணர்ச்சியின் கூடுதல் குறைவா? அல்லது ஆங்கிலம் பேசுவோரின் வழக்கம் மட்டுமா? அகராதி ஆசிரியர்கள், இயற்கை அறிவியலாளர்கள், உளவியலாளர்கள், மொழியியலாளர்கள், சட்ட அறிஞர்கள் ஆகியோர் கடந்த இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

சொற்கள் வந்த வழி

அருவருப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன் வேர் கொண்டவை. அந்த வேர்களில் பலவற்றில் உணர்ச்சிக்கு முன்பாக உடலின் அசைவு இருக்கிறது. ‘அவெர்ஷன்’ என்பது முகத்தைத் திருப்பிக்கொள்வது. ‘அப்ஹார்’ மயிர் சிலிர்த்துப் பின்வாங்குவது. ‘ரிவல்ஷன்’ பிய்த்து இழுப்பது. பழைய மருத்துவத்தில், உடலின் ஒரு பகுதியில் தேங்கிய கெட்ட நீரை வேறு பகுதிக்கு இழுக்கும் சிகிச்சைக்கு இந்தப் பெயர் இருந்தது. ‘நாசியா’ கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த கடற்பயணக் குமட்டல். வேறு சிலவற்றின் பின்னணி சமயம் சார்ந்தது: ‘டிடெஸ்ட்’ தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபிப்பது, ‘அபாமினேட்’ தீய சகுனமென்று விலக்குவது. ‘லோத்’ ஒன்றுதான் இவற்றுக்கிடையே பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல்.

‘ரிபக்னன்ஸ்’ இவற்றில் தனித்து நிற்கிறது. அதன் வேர்ப்பொருள் எதிர்த்துப் போரிடுதல். ஆங்கிலத்தில் முதலில் அது முரண்பாட்டையும் எதிர்ப்பையும் குறித்து, பின்னரே மனம் ஒவ்வாத வெறுப்பைக் குறிக்கலாயிற்று. ‘அக்ரெஷன்’ என்பதன் வேரில் ஒருவரை நோக்கி அடியெடுத்து வைத்தல் மட்டுமே இருக்கிறது. ‘அனிமாசிட்டி’ ஒருகாலத்தில் துணிச்சலைக் குறித்தது. ‘ஆங்கர்’ துயரத்தைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது.

‘டிஸ்கஸ்ட்’ இவற்றுள் காலத்தால் பிந்தியவற்றில் ஒன்று. சுவை என்னும் பொருள்கொண்ட லத்தீன் வேரிலிருந்து பிறந்து, 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஷேக்ஸ்பியர் அந்தச் சொல் இல்லாமலேயே தம் நாடகங்களில் அழுகலையும் நாற்றத்தையும் எழுதினார். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி அதற்கு இரு பொருள்களைத் தருகிறது: நாக்கு ஒன்றை ஏற்காமை, மனக்கசப்பும் பகையும். 1813இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் ஜேன் ஆஸ்டின், நடன விருந்தில் கதாநாயகன் டார்சியின் நடத்தை மற்றவர்களுக்கு உண்டாக்கிய அதிருப்தியை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். அங்கே குமட்டல் ஏதுமில்லை. அழுக்குக்கு ஏற்பட்ட சொல்லைப் பிற்காலத்தார் ஒழுக்கத்துக்கு இரவல் வாங்கினார்கள் என்ற எளிய கதை, ஆகவே, முழுமையாகப் பொருந்துவதில்லை. பகைக்கும் குமட்டலுக்கும் அந்தச் சொல் நெடுங்காலமாகவே பொதுவாக இருந்திருக்கிறது.

வேர்ச்சொல் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பதும் உண்மை. ‘நாசியா’ என்று சொல்பவர் எவரும் கப்பலை நினைப்பதில்லை.

அகராதிக்காரர்களின் விடை

ஒருபொருட் பன்மொழிகளை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் மரபு ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. ஹெஸ்டர் பியோட்சியின் ‘பிரிட்டிஷ் சினானிமி’ 1794இலும், ஜார்ஜ் கிராப்பின் பெருநூல் 1816இலும் வெளிவந்தன. கிராப் ‘அப்ஹார்’, ‘டிடெஸ்ட்’, ‘அபாமினேட்’, ‘லோத்’ ஆகிய நான்கையும் ஒரே தலைப்பில் வைத்து, எதன்மீது எந்த வெறுப்பு எழுகிறது என்பதைக் கொண்டு பிரித்தார். ஒழுக்க உணர்வைப் புண்படுத்துவது ஒன்று, ஒழுக்கக் கொள்கைக்கு மாறானது ஒன்று, சமய உணர்வைத் தாக்குவது ஒன்று, உடலையும் மனத்தையும் ஒருசேரப் பாதிப்பது ஒன்று. இன்றைய அமெரிக்க அகராதிகளின் பொருள்வேறுபாட்டுக் குறிப்புகளும் இந்த வழியில் வந்தவையே. ‘அப்ஹார்’ என்பதில் நடுக்கம் கலந்திருக்கிறது, ‘அபாமினேட்’ என்பதில் ஒழுக்கக் கண்டனம் தொனிக்கிறது, ‘லோத்’ என்பதில் முழு அருவருப்பும் பொறுக்கமுடியாமையும் சேர்ந்திருக்கின்றன என்று அவை சொல்கின்றன.

இந்த அணுகுமுறையால் மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நிறையப் பயனடைந்திருக்கிறார்கள். ஆனால் அது, ஒருவர் எப்படி எழுத வேண்டும் என்பதையும் மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. கிராப்பின் எல்லைகளைச் சராசரி ஆங்கிலேயர் மதித்து நடந்ததற்குச் சான்று இல்லை. இரவு உணவுக்கு வந்த முட்டைகோஸையும் ‘லோத்’ என்கிறார்கள், இனவெறியையும் ‘லோத்’ என்கிறார்கள்.

வாயிலிருந்து தொடங்கியவர்கள்

1872இல் வெளியான உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய நூலில் சார்ல்ஸ் டார்வின் கோபத்துக்கும் வெறுப்புக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அருவருப்பை அதற்கடுத்த அத்தியாயத்தில் இகழ்ச்சியோடு சேர்த்து வைத்தார். அருவருப்பு முதன்மையாகச் சுவை சார்ந்தது என்பது அவர் முடிவு. டியரா டெல் ஃபுவேகோவில் ஒரு பழங்குடி மனிதர் டார்வினின் பதப்படுத்திய இறைச்சியை விரலால் தொட்டு அதன் குழகுழப்பை அருவருத்தார். அவர் கை பட்டதால் டார்வினும் தம் உணவை அருவருத்தார், அந்தக் கை அழுக்காகத் தெரியாதபோதும். ஒரே இறைச்சித் துண்டு, இரண்டு அருவருப்புகள். முதலாவது பொருளைப் பற்றியது, இரண்டாவது மனிதரைப் பற்றியது. இந்த வேறுபாட்டின் பாரத்தைப் பின்வந்தவர்கள்தான் முழுதாக உணர்ந்தார்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பால் ரோசின் 1980களில் டார்வினின் இழையை எடுத்து நீட்டினார். நாய் மலத்தின் வடிவில் செய்த இனிப்பைத் தின்னப் பலர் தயங்கினார்கள். கிருமிநீக்கம் செய்த கரப்பான்பூச்சியை ஒருமுறை முக்கி எடுத்த பழச்சாற்றைக் குடிக்க மறுத்தார்கள். ஆபத்தில்லை என்று தெரிந்தும் மனம் ஒப்பவில்லை. ரோசினும் அவருடைய சகாக்களும் இதிலிருந்து ஒரு விரிவுக் கோட்பாட்டை உருவாக்கினார்கள்: அருவருப்பு வாயைக் காக்கும் காவலாகத் தொடங்கி, நாமும் விலங்குகளே என்று நினைவூட்டுபவற்றுக்கும், அந்நியருக்கும், இறுதியில் ஒழுக்கக் கேட்டுக்கும் பரவுகிறது. லண்டனில் பொதுச் சுகாதாரம் பயின்ற வாலரி கர்ட்டிஸ் இதைச் சுருக்கினார். அவரைப் பொறுத்தவரை அது நோய்த்தொற்றிலிருந்து விலகச் செய்யும் பரிணாமத் தகவமைப்பு. ஜோஷுவா டைபர் குழுவினர் 2009இல் அதை நோய்க்கிருமி, பாலுறவு, ஒழுக்கம் என மூன்று களங்களாகப் பிரித்தார்கள்.

வில்லியம் இயன் மில்லர் 1997இல் எழுதிய ‘தி அனாடமி ஆஃப் டிஸ்கஸ்ட்’ என்ற நூலில் கூர்மையான ஒரு சந்தேகத்தை எழுப்பினார். டார்வினும் ரோசினும் வாயிலிருந்து தொடங்கியதற்குக் காரணம், ஆங்கிலச் சொல்லின் வேரில் சுவை இருப்பதுதானா? ஜெர்மன் மொழியின் ‘ஏகல்’ என்ற சொல்லில் சுவையின் சாயல் வெளிப்படையாக இல்லை. அந்த மொழியில் சிந்தித்த ஃப்ராய்டுக்கு அருவருப்பைப் பாலுறுப்புகளோடும் கழிவோடும் இணைப்பது எளிதாக இருந்திருக்கலாம் என்று மில்லர் கருதினார். இது நிறுவப்பட்ட முடிவல்ல. ஆனாலும் ஒரு மொழியின் சொல் எப்படி ஆய்வின் தொடக்கப் புள்ளியாகிவிடக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

ஒழுக்க அருவருப்பு: உணர்ச்சியா, உவமையா?

இன்று அதிகம் வாதிக்கப்படும் பகுதி இதுதான். 2009இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஹனா சாப்மனும் சகாக்களும் மேலுதட்டைத் தூக்கும் தசையின் இயக்கத்தை அளந்தார்கள். கசப்பான பானம் குடித்தபோது அந்தத் தசை இயங்கியது, அழுக்குப் படங்களைப் பார்த்தபோதும் இயங்கியது. பணத்தைப் பங்கிடும் விளையாட்டில் அநியாயமான பங்கு நீட்டப்பட்டபோதும் இயங்கியது. ஒழுக்க அருவருப்பு வெறும் பேச்சு வழக்கல்ல, நாக்கின் ஒவ்வாமையோடு வேரில் தொடர்புடையது என்று அவர்கள் வாதிட்டார்கள்.

எட்வர்ட் ராய்ஸ்மன், பால் புளூம் போன்றோர் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். ஊழலை ‘டிஸ்கஸ்டிங்’ என்பது பெரும்பாலும் உவமை வழக்கு. உள்ளே இருப்பது கோபம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ராபின் நபி 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ‘டிஸ்கஸ்ட்’ அடைந்த நேரத்தை நினைவுகூரச் சொன்னபோது அமெரிக்கர்கள் தந்த விவரங்களில் கோபத்தின் சாயல் மிகுந்திருந்தது. உளவியலாளர் மனத்தில் வைத்திருக்கும் குமட்டல் வகை அருவருப்பை வரவழைத்தது ‘க்ரோஸ்டு அவுட்’ என்ற பேச்சுவழக்குத் தொடர்தான். கேள்வித்தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு உணர்ச்சி அளக்கப்படுகிறது என்றால், முந்தைய ஆய்வுகள் பலவற்றை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

முகமும் இதற்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஹிலல் அவியேசர் 2008இல் காட்டியபடி, ஒரே அருவருப்பு முகத்தை ஓங்கிய முட்டியுள்ள உடலோடு ஒட்டினால் பார்ப்பவர்கள் அதைக் கோபமாக வாசிக்கிறார்கள். கிளாஸ்கோவின் ரேச்சல் ஜாக் குழு 2014இல் தெரிவித்ததன்படி, கோபமும் அருவருப்பும் முகத்தில் விரியும் முதல் கட்டத்தில் மூக்குச் சுளிப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. வேறுபாடு பின்னரே தெளிகிறது.

எனினும் இரண்டையும் ஒன்றென்று தள்ளிவிட முடியாது. பாஸ்கல் ரஸ்ஸலும் ரோஜர் ஜினர்-சொரோலாவும் செய்த ஆய்வுகளில், தவறு செய்தவரின் நோக்கமும் சூழ்நிலையும் தெரிந்தபோது கோபம் அதற்கேற்ப மாறியது. உடல், பாலுறவு சார்ந்த மீறல்கள்மீது எழுந்த அருவருப்பு அவ்வளவாக அசையவில்லை. 2017இல் கேத்தரின் மோல்ஹோ, டைபர் முதலியோர் வேறொரு வேறுபாட்டைக் கண்டார்கள். தனக்கே தீங்கு நேர்ந்தால் கோபம் மேலோங்கி, நேரடியாக மோதும் விருப்பம் எழுகிறது. வேறொருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அருவருப்பு மேலோங்கி, புறம்பேசுதல், ஒதுக்கிவைத்தல் போன்ற மறைமுகத் தாக்குதலுக்கு வழி விடுகிறது. அருவருப்பு விலகுவதோடு நின்றுவிடுகிறது என்ற பழைய எண்ணத்தை இது அசைக்கிறது. விலகுவதே, பலர் சேர்ந்து செய்யும்போது, தாக்குதலாகிவிடுகிறது.

‘அக்ரெஷன்’: செயலா, குணமா, பாராட்டா?

இரண்டாம் வரிசையின் சிக்கல் வேறு மாதிரியானது. ‘டிஸ்கஸ்ட்’ உணர்ச்சியின் பெயர். சமூக உளவியலில் ‘அக்ரெஷன்’ ஒரு செயலின் பெயர்: தவிர்க்க விரும்பும் இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு செய்யப்படுவது. 1939இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டாலர்ட் முதலியோர் அதை ஏமாற்றத்தின் விளைவு என்றார்கள். கொன்ராட் லோரன்ஸ் 1963இல் அதை விலங்குகளுக்கும் மனிதருக்கும் பொதுவான இயல்பூக்கம் என்றார். ஆர்னால்டு பஸ் 1961இல் சினத்தால் எழும் தாக்குதலையும் ஆதாயத்துக்காகச் செய்யும் தாக்குதலையும் பிரித்தார். பல செயல்களில் இரண்டு நோக்கங்களும் கலந்தே இருப்பதால் அந்தப் பிரிவினையைக் கைவிட வேண்டும் என்று பிராட் புஷ்மனும் கிரெய்க் ஆண்டர்சனும் 2001இல் வாதிட்டார்கள்.

பஸ்ஸும் மார்க் பெரியும் 1992இல் அமைத்த வினாநிரல் உடல் தாக்குதல், சொல் தாக்குதல், கோபம், பகைமை என்று நான்கைத் தனித்தனியே அளக்கிறது. செயல் வேறு, உணர்ச்சி வேறு, மனத்தில் ஊறிய எண்ணம் வேறு என்ற தெளிவு அதில் இருக்கிறது. ‘ஹாஸ்டிலிட்டி’ ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கக்கூடும்; ‘ரேஜ்’ அப்படி இருக்காது. கோபம் துளியும் இல்லாமலே ஒருவர் ‘அக்ரெஷன்’ செய்யக்கூடும், கூலிக்குக் கொலை செய்பவரைப் போல.

பொதுப் பேச்சிலோ ‘அக்ரெசிவ்’ பாராட்டாகவும் வருகிறது. விற்பனையாளர் அப்படி இருக்க வேண்டும், துடுப்பாட்டக்காரர் அப்படி ஆட வேண்டும் என்கிறார்கள். வேகமாகப் பரவும் புற்றுநோய்க்கும் இந்த அடைமொழி, அதை முடுக்கிவிட்டு எதிர்க்கும் சிகிச்சைக்கும் இதே அடைமொழி. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, 1970களில் பரவிய தன்னுறுதிப் பயிற்சிகள் ‘அசர்ட்டிவ்’ என்ற சொல்லைத் தனியே நிறுத்தின: பிறரைப் புண்படுத்தாமல் தன் உரிமையைச் சொல்வது. ஆனால் ஒரே நடத்தை சொல்பவரையும் கேட்பவரையும் பொறுத்து இரண்டு பெயர்களையும் பெறக்கூடும். அங்கே சொல் தேர்வே ஒரு தீர்ப்பாகிறது.

ஆங்கிலம் அளவுகோலா?

போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா 1986இல் அடிப்படையையே அசைக்கும் கேள்வியைக் கேட்டார். அடிப்படை உணர்ச்சிகளைப் பட்டியலிட்ட உளவியலாளர்கள் போலிஷ் பேசுபவர்களாக இருந்திருந்தால், ‘டிஸ்கஸ்ட்’ அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்குமா? போலிஷில் அதற்குச் சரிநிகர் சொல் இல்லை. ஆங்கிலத்தின் நாட்டுவழக்குப் பிரிவுகளை மனித இனத்தின் பிரிவுகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. எளிய, பொதுவான கருத்துக்கூறுகளால் ஒவ்வொரு சொல்லையும் விளக்க வேண்டும் என்றார்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரலையும் வெகுளியையும் தனித்தனியே வைக்கிறது. இளிவரலுக்கு அது சொல்லும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. ரோசினின் பட்டியலோடு இது ஓரளவே ஒத்துப்போகிறது. அழுகிய உணவுக்கு இங்கே முதலிடம் இல்லை, எளிமைப்பட்ட நிலைக்கு இடம் உண்டு.

இந்திய அனுபவம் ஆங்கில ஆய்வுக்குள் நேரடியாக நுழைந்த இடமும் உண்டு. மானிடவியலாளர் ரிச்சர்டு ஷ்வேடர் புவனேஸ்வரத்தில் செய்த களப்பணியிலிருந்து தன்னுரிமை, சமூகம், தெய்விகம் என்ற மூன்று அறநெறிகளை வகுத்தார். ரோசினும் ஜோனதன் ஹைட்டும் 1999இல் அவற்றோடு முறையே கோபம், இகழ்ச்சி, அருவருப்பு ஆகியவற்றை இணைத்து, அமெரிக்க, ஜப்பானிய மாணவர்களிடம் சோதித்தார்கள். பொருத்தம் தெரிந்தது. ஆனால் மூன்று பெட்டிகளையும் மூன்று பெயர்களையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பொருத்தச் சொன்னால், கலப்பு உணர்ச்சிகள் கண்ணில் படாமல் போகக்கூடும் என்ற குறை அந்த முறையில் இருக்கிறது.

வியெஷ்பிட்ஸ்காவின் நிலைப்பாட்டுக்கும் பலவீனம் உண்டு. சரிநிகர் சொல் இல்லாத மொழியைப் பேசுபவருக்கு அந்த உணர்வே இல்லை என்று ஆகிவிடாது. சொல்லின் எல்லையும் உணர்ச்சியின் எல்லையும் எங்கே ஒன்றுபடுகின்றன என்பதைச் சொற்பொருள் ஆய்வு மட்டும் காட்டிவிட முடியாது.

நீதிமன்றமும் மேடையும்

இந்தச் சாயல்கள் ஏட்டோடு நிற்பவை அல்ல. வயதுவந்த ஆண்கள் இசைந்து தனிமையில் கொள்ளும் ஓரினச் சேர்க்கையைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று பிரிட்டனில் வுல்ஃபென்டன் குழு 1957இல் பரிந்துரைத்தது. அதற்கு எதிராக 1959இல் பேசிய நீதிபதி பேட்ரிக் டெவ்லின், சகிப்பின்மையும் சினமும் அருவருப்பும் ஒழுக்கச் சட்டத்தின் பின்னுள்ள ஆற்றல்கள் என்றார். 1997இல் குளோனிங்குக்கு எதிராக எழுதிய லியோன் காஸ் ‘ரிபக்னன்ஸ்’ என்ற சொல்லைத் தேர்ந்தார். ‘டிஸ்கஸ்ட்’ வயிற்றைச் சுட்டுகிறது. ‘ரிபக்னன்ஸ்’ எதிர்க்கும் அறிவைச் சுட்டுவதுபோல் ஒலிக்கிறது. அவருடைய வாதத்தின் கண்ணியம் ஓரளவு அந்தத் தேர்வைச் சார்ந்திருந்தது என்று கருத இடமிருக்கிறது.

மார்த்தா நுஸ்பாம் 2004இல் இதற்கு விரிவாக மறுப்பு எழுதினார். சினம் ஒரு தீங்கைச் சுட்டுகிறது, ஆகவே அதைப் பொதுவெளியில் விவாதிக்க முடியும். அருவருப்போ எதிரில் இருப்பவரையே மாசு என்று ஆக்குகிறது, ஆகவே சட்டத்துக்கு அது அடித்தளமாகக் கூடாது என்பது அவர் வாதம். கொடுமையை அருவருக்கச் செய்வதால் சமூகம் பயன்பெறும் என்று டான் கஹான் மாற்றுக் கருத்துச் சொன்னார்.

அரசியலில் இந்த இரு வரிசைகளும் ஒன்றுசேர்கின்றன. கோபம், அருவருப்பு, இகழ்ச்சி ஆகிய மூன்றையும் கரோல் இசார்டு 1970களிலேயே பகைமையின் மும்மை என்று சேர்த்துப் பார்த்தார். வன்முறைக்கு முன்னால் தலைவர்கள் ஆற்றும் உரைகளில் இம்மூன்றும் சேர்ந்து ஏறுகின்றன என்பது டேவிட் மாட்சுமோட்டோ குழுவினரின் கருதுகோள். லசானா ஹாரிஸும் சூசன் ஃபிஸ்கும் 2006இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வில், வீடற்றவர்கள், போதைக்கு அடிமையானவர்கள் ஆகியோரின் படங்கள் அருவருப்பை எழுப்பின. பிற மனிதரைப் பற்றி நினைக்கும்போது இயங்கும் மூளைப்பகுதி அப்போது குறைவாகவே இயங்கியது. அவர்களை மனிதராகவே பார்க்கவில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது மிகை. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தைப் பூச்சி, கிருமி, குப்பை என்று அழைக்கும் பேச்சு வெறும் ஏச்சைவிட அபாயமானது என்று கவலைப்படுவதற்கு இத்தகைய ஆய்வுகள் காரணம் தருகின்றன.

தீர்ந்தவையும் தீராதவையும்

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துச் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இந்தச் சொற்களைக் கூடுதல் குறைவு என்ற ஒரே அளவில் அடுக்குவது போதாது. எது பாதிக்கப்பட்டது, யார் பாதிக்கப்பட்டார், தவறு செய்தவரின் நோக்கத்துக்கு மனம் செவிகொடுக்கிறதா, அடுத்து விலகத் தோன்றுகிறதா, விரட்டத் தோன்றுகிறதா, மோதத் தோன்றுகிறதா என்ற கேள்விகள் சொற்களை மேலும் தெளிவாகப் பிரிக்கின்றன. குமட்டல் வகை அருவருப்பும் நேரடிக் கோபமும் பிரிந்தே தெரிகின்றன. அவற்றுக்கு நடுவில் ‘டிஸ்கஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல் அகலமாகப் படர்ந்திருப்பதுதான் ஆய்வுகளின் முரண்பாடுகளில் ஒரு பகுதிக்கேனும் காரணம்.

தீராதவை அதைவிட அதிகம். அநீதியைக் கண்டு சுளிக்கும் மூக்கு, குழந்தை கோபமென்று வாசிக்கும் அதே சுளிப்பா அல்லது வேறொன்றா என்பதில் உடன்பாடு இல்லை. அருவருப்பு மறைமுகத் தாக்குதலுக்கு இட்டுச் செல்கிறது என்ற முடிவு பிற மொழிகளிலும், சாதி போன்ற ஒதுக்கல் முறைகள் வேரூன்றிய சமூகங்களிலும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதற்கு இன்னும் விரிவான ஆய்வுகள் தேவை. அவற்றைச் செய்பவர்கள் ஆங்கில வினாத்தாளை அப்படியே மொழிபெயர்க்காமல், அந்தந்த மொழியின் சொற்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த முறையில் கிடைக்கும் பிரிவுகள் டார்வின் வகுத்த இரு அத்தியாயங்களோடு ஒத்துப்போகுமா என்பதை இப்போதைக்கு முன்கூட்டிச் சொல்ல இயலாது.